ராசிபுரம் வரைக்கும்

அபர்டீன், ஸ்காட்லாந்து
15 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஆரோக்கியசாமி எழுதிக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆண்டவர் தயவில் சேதாரமில்லாமல் வந்து சேர்ந்தேன். உன் முழங்கால் வீக்கம் வற்றியதா? காது மெஷினுக்குப் புது பேட்டரி போட்டாயா?

எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவும் பழக்கம் உண்டு. ஆகவே இந்தக் கடிதத்திலும் இனி வரும் கடிதங்களிலும் எழுதப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்தி வைக்கிறேன்.

1. பயணமும் என் உடம்பும்.
2. மார்ட்டினும் மருமகளும்.
3. மீன் பிடிப்பது. (இதற்காகத்தான் என்னை விடுமுறைக்கு அழைத்தான்.)
4. அவனிடம் நான் சொல்லவேண்டியதை என்றைக்கு, எந்த இடத்தில் சொல்வேன் என்பது.
5. அந்த விஷயம் மார்ட்டினுக்கு இன்றுவரை தெரியாது என்பதும், அதற்கு என் ஆதாரங்களும்.

இனி ஒவ்வொன்றாக.

முதலாவது: விமானத்தில் காது அடைத்தது. வேறொன்றுமில்லை.

இரண்டாவது: மார்ட்டினுக்குக் கடல் நடுவில் எண்ணெய் எடுக்கும் ரிக் மேடையில் வேலை. இரண்டு வாரம் கடல், மூன்று வாரம் வீடு. நாளை மறுநாள் ஹெலிகாப்டரில் போகிறான். சத்யபிரியா என்னை 'வாங்க மாமா, உக்காருங்க மாமா' என்று நிற்கவிடாமல் கவனிக்கிறாள். அந்தக் கவனிப்பு எனக்குச் சங்கடமாக இருக்கிறது. காரணம் உனக்குத் தெரியும்.

மூன்றாவது: இங்கே ஓர் ஆறு கடலில் கலக்கிறது. பெயர் டீ. சால்மன் என்னும் மீன் கடலிலிருந்து இந்த ஆற்றில் ஏறும். டிரவுட் என்று இன்னொன்று. இரண்டையும் இறகால் கட்டிய பொய்ப்பூச்சியைக் காட்டித்தான் பிடிக்கிறார்கள். பிடித்த சால்மனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டுமாம். மார்ட்டின் ஐந்து வருடமாக இதில் பித்துப்பிடித்து இருக்கிறான்.

நான்காவது: ஊரிலிருந்து கிளம்பும்போது நீ என்னிடம் வாக்கு வாங்கினாய். ஒன்பது வருடம் முன்பு நாமக்கல் பதிவாளர் அலுவலகத்தில் பெண் வீட்டார் சம்மதிக்காமல் நடந்த மார்ட்டின், சத்யபிரியா கல்யாணத்துக்கு நான் மூன்றாவது சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். சேலத்தில் பஸ் ஏறினேன். ராசிபுரத்தில் இறங்கிவிட்டேன். பயம். சாயங்காலம் வரை பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். சேலத்திலேயே மயக்கம் போட்டு விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததாக அவனிடம் சொன்னேன். இதை நான் எழுத்தில் வைப்பது இதுவே முதல் தடவை. அவன் கடலிலிருந்து வந்ததும், ஜூன் 9 ஞாயிறு, பூசை முடிந்து ஆற்றங்கரைக்குப் போகும்போது சொல்லிவிடுவதாக இருக்கிறேன்.

ஐந்தாவது: அவனுக்குத் தெரியாது. ஆதாரங்கள்: (அ) ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அன்றைக்கு ஏன் வரவில்லை என்று துருவிக் கேட்டதில்லை. (ஆ) விமான நிலையத்தில் பார்த்ததும் 'அந்த மயக்கம் இப்ப வருதாப்பா?' என்று விசாரித்தான். நம்பாதவன் விசாரிப்பானா? (இ) உன்னையும் என்னையும் தவிர மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. இது என் கணிப்பு. தவறாகவும் இருக்கலாம், ஆனால் இருக்காது என்று நினைக்கிறேன்.

பதிலைத் தபாலிலேயே போடு. என் கையில் இருப்பது மார்ட்டினின் பழைய போன். எனக்கு வருவதெல்லாம் அவனுக்கும் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

உன் ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்.

தம்பி,
ஆரோக்கியசாமி

●

சூரமங்கலம், சேலம்
29 மே 2024

தம்பிக்கு,

அக்கா இன்னாசிமேரி எழுதுவது. உன் கடிதம் பதிமூன்று நாள் ஊர் சுற்றிவிட்டு நேற்று வந்தது. முழங்காலை நான் சட்டை செய்வதில்லை, அதுவும் என்னைச் சட்டை செய்வதில்லை. பேட்டரி போட்டாயிற்று. போட்டும் பக்கத்து வீட்டு உஷாராணி பேசுவது பாதிதான் கேட்கிறது. அதுவே அதிகம்.

டீ ஆறா? சர்க்கரை போட்டதா, போடாததா? பிடித்த மீனைத் திரும்ப விடுவதற்கு எதற்காகப் பிடிக்கவேண்டும்? மேட்டூர் கட்லா மீன்காரனிடம் இதைச் சொன்னால் உன்னைப் பார்த்துச் சிரிக்கமாட்டான், பயப்படுவான்.

உன் ஐந்து பாயிண்டையும் படித்தேன். மாக்னசைட் கம்பெனி ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் கல்லைப் பொடித்துச் சோதித்தவன் அப்படித்தான் எழுதுவாய். ஐந்தாவதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அதைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை.

நான்காவதைப் பற்றி எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் கிடந்தவன் கையில் ராசிபுரம் நெய் டப்பாவோடு வீட்டுக்கு வந்தாய். வாசலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கே அவனிடம் சொல்லியிருந்தால் இரண்டு நாள் கோபப்பட்டிருப்பான். ஒன்பது வருடமாக நீதான் சுமக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடு. தேதி குறித்ததை நான் நாட்காட்டியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடு.

அக்கா,
இன்னாசிமேரி

●

அபர்டீன்
12 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்துக்குத் தினமும் ஒரு அருள் நிறை மரியே சொல்கிறேன். இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. நாட்காட்டியில் சுற்றியதை அழித்துவிடு.

காரணத்தை விளக்குகிறேன். ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. எனக்குத் தெரியாது. பூசை முடிந்து வந்து, சட்டை மாற்றிக்கொண்டு, தொப்பியோடு வாசலில் நின்றேன். மார்ட்டின் சிரித்தான்.

"இன்னைக்கு மீனுக்கும் ஓய்வு நாள்ப்பா. தொப்பியக் கழட்டுங்க."

வீட்டில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். மனப்பாடம் செய்து வைத்த வாக்கியம் 'மார்ட்டின், இந்த ஆத்தங்கரையில உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்' என்று ஆரம்பித்தது. அது வீட்டுக்குப் பொருந்தவில்லை. இது சாக்கு என்று எனக்கே தெரியும்.

திங்கட்கிழமை ஆற்றுக்குப் போனோம். தண்ணீர் தேயிலைத் தண்ணீரின் நிறம், ஆனால் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிகிறது. ஆற்றின் அந்தப் பகுதியைக் கவனித்துக்கொண்டு, வருபவர்களுக்கு மீன் எங்கே நிற்கும் என்று காட்ட ஓர் ஆள் இருக்கிறார். பெயர் டங்கன். என் வயதுதான் இருக்கும். மார்ட்டின் மார்பு வரை வரும் ரப்பர் உடையைப் போட்டுக்கொண்டு ஆற்றின் நடுவில் போய் நின்றான். எனக்கு மட்டும் கரையில் ஒரு மடக்கு நாற்காலி.

"நானும் முழங்கால் தண்ணி வரைக்கும் வரட்டுமாடா?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தான் மயக்கம் வருமேப்பா. ஆத்துல விழுந்தா நான் அத்தைக்கு என்ன பதில் சொல்றது?" என்றான். அதையே டங்கனிடமும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டான். டங்கன் உடனே காரிலிருந்து கம்பளி எடுத்துவந்து என் காலில் போர்த்தினார். சட்டைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட்டும் கொடுத்தார். அக்கா, எனக்கு எந்த மயக்க நோயும் இல்லை. நல்ல வெயில். நோயாளியைப் போலப் போர்த்திக்கொண்டு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை பொய்ப்பூச்சி டப்பாவை வைத்துக்கொள்வது. மாட்டுப் படம் போட்ட பழைய தகர டப்பா, லேபிள் பாதி உரிந்து போயிருக்கிறது, மீதியின்மேல் கண்ணாடி டேப் ஒட்டியிருக்கிறது. படிக்கும் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன். உள்ளே நாற்பது, ஐம்பது பூச்சிகள். ஒவ்வொன்றும் அணில் வால் முடி, கோழி இறகு, ஜரிகை நூல் சுற்றியது. இளம்பிள்ளை ஜரிகைப் புடவைக்காரர்கள் பார்த்தால் மெச்சுவார்கள்.

டங்கன் ஒரு விஷயம் சொன்னார். சால்மன் கடலிலிருந்து ஆற்றுக்குள் வந்தபிறகு எதையுமே தின்பதில்லையாம். வயிறு சுருங்கிவிடுமாம். "பிறகு ஏன் பூச்சியைக் கவ்வுகிறது?" என்று கேட்டேன். "ஐம்பது வருடமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றார். காரணம் தெரியாத ஒன்றை ஒரு மனிதர் இவ்வளவு நிம்மதியாக ஒப்புக்கொண்டதைக் கேட்டு எனக்குப் பொறாமையாக இருந்தது.

அன்று மார்ட்டினுக்கு மீன் படவில்லை. அவன் 21-ஆம் தேதி கடலுக்குப் போகிறான். அதற்குள் சொல்லிவிடுவேன்.

காலை ஊன்றி நட. மாடிப்படி ஏறாதே.

தம்பி,
ஆரோக்கியசாமி

●

சேலம்
26 ஜூன் 2024

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ஆடி பிறப்பதற்கு முன்பே இங்கே மழை கொட்டுகிறது. முழங்கால் மழையை எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

பசியில்லாமல் வாயைத் திறப்பதற்குக் காரணம் வேண்டுமா? நம் தெரு கந்தம்மாளைக் கேள். மற்றவர்கள் விஷயம் என்றால் சாப்பிட்ட வாயோடு வந்துவிடுவாள். நீயோ பசித்தும் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாய்.

அந்தத் தகர டப்பாவைப் பற்றி எழுதியிருந்தாய். அடுத்த தடவை ஆற்றுக்குப் போகும்போது கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போ.

21-ஆம் தேதி போய்விட்டது. சொன்னாயா?

அக்கா

●

அபர்டீன்
10 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். நீயும் உன் முழங்காலும் சமாதானமாக இருக்க வேண்டுகிறேன்.

சொல்லவில்லை. முதலில் அதை எழுதிவிட்டால் மற்றதை எழுத முடியும்.

மார்ட்டின் ஐந்தாம் தேதி கடலிலிருந்து திரும்பினான். மறுநாள் என்னையும் சத்யபிரியாவையும் ஒரு குளத்துக்கு அழைத்துப் போனான். அங்கே டிரவுட் வளர்க்கிறார்கள். பிடித்ததை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். கரையில் நின்றே வீசலாம் என்பதால் எனக்கும் ஒரு தூண்டில் கிடைத்தது. மூன்று மணி நேரத்தில் என் தொப்பியில் இரண்டு தடவையும் சத்யபிரியாவின் துப்பட்டாவில் ஒரு தடவையும் முள் மாட்டியது.

"ஏனுங்க மாமா, என்னையப் புடிச்சா திரும்ப உட்டுருவீங்களா, கொழம்பு வெச்சுருவீங்களா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா, அந்தப் பெண்ணோடு நான் சேர்ந்து சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

நான்காவது மணியில் ஒரு டிரவுட் மாட்டியது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. வயிற்றோரம் இளஞ்சிவப்புப் பட்டை. கயிற்றின் அந்த முனையில் ஓர் உயிர் என்னோடு மறுத்துப் பேசுவதைப் போல இருந்தது. நான் பயந்து தூண்டிலையே மார்ட்டின் கையில் கொடுக்கப் பார்த்தேன். "நீங்களே இழுங்கப்பா, நீங்க புடிச்ச மீனு" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அதைப் புளி ஊற்றிக் குழம்பு வைத்தாள். சாப்பிடும்போது பேச்சு எப்படியோ கல்யாண நாளுக்குப் போனது. அவள்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை.

"எங்க ஊட்டுல இருந்து ஒரு ஈ காக்கா வரலீங்க மாமா. நான் ஆபீஸ் வாசல்கிட்டயே நின்னு ஒவ்வொரு சேலம் பஸ்ஸாப் பாத்துட்டு இருந்தனுங்க. நாலு மணிக்கு ஆபீஸ் மூடிருவாங்கன்னு கிளார்க்கு கத்துறாரு. கடைசில டீக்கடையில நின்ன லாரி டிரைவரண்ணன் ஒருத்தரு, வெள்ளியங்கிரின்னு பேருங்க, 'நான் போடறன் சாமி கையெழுத்து'ன்னு எண்ணெய்க் கையத் தொடச்சுட்டு வந்தாருங்க. முன்னப்பின்ன தெரியாத மனுசன். அவரு போட்ட கையெழுத்துல எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருக்குதுங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. வேடிக்கையாகச் சொன்னாள். மார்ட்டின் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு அன்னைக்குத்தான் மயக்கம் வந்துச்சே" என்றான். சொல்லிவிட்டு எதற்கோ காத்திருப்பவன்போலக் கொஞ்ச நேரம் இருந்தான். நான், "மீன் நன்றாக இருக்கிறது" என்றேன்.

உன்னிடமும் ஒன்றை முழுதாகச் சொன்னதில்லை. ராசிபுரத்துக்குள் பஸ் நுழையும்போது, கொடி கட்டிய இரண்டு கார்கள் எங்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு போயின. உள்ளே வெள்ளைவேட்டி ஆட்கள். பெண் வீட்டார்தான் தகராறு செய்யப் போகிறார்கள் என்று நானாக முடிவு செய்து இறங்கிவிட்டேன். வாழ்நாளெல்லாம் மூன்று தடவை சோதிக்காமல் ஒரு ரிப்போர்ட்டும் எழுதாதவன், அன்று ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை. யாருமே வரவில்லை அக்கா. அவள் வீட்டிலிருந்தும் இல்லை, நம் வீட்டிலிருந்தும் இல்லை.

26-ஆம் தேதி அவன் மறுபடி கடலுக்கு. அதற்குள் சொல்ல முயற்சி செய்வேன். 'சொல்வேன்' என்று எழுத எனக்குத் தகுதியில்லை.

உன் தம்பி,
ஆரோக்கியசாமி

●

சேலம்
24 ஜூலை 2024

தம்பிக்கு,

நான் சுகம்.

அந்த லாரிக்காரர் நன்றாக இருக்கட்டும் என்று மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். உன் பெயருக்கு ஏற்றவில்லை. நீ சொல்லிவிட்டு வா, ஏற்றுகிறேன்.

கண்ணாடி எடுத்துக்கொண்டு போனாயா என்று நீ எழுதவில்லை.

அக்கா

●

அபர்டீன்
7 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கத்தோடு எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் நேற்று வந்தது. ஐந்து வாக்கியம்தான் இருந்தது, ஆனால் நான் பலதடவை படித்தேன்.

ஜூலையில் மூன்று முயற்சிகள் செய்தேன். குறித்து வைத்திருக்கிறேன். 14-ஆம் தேதி காரில்: அவனுக்கு வேலையிடத்திலிருந்து போன் வந்தது. 19-ஆம் தேதி ஆற்றங்கரையில்: அவன் நடு ஆற்றில், நான் நாற்காலியில், இடையில் முப்பது கஜம் தண்ணீர். இதைக் கத்திச் சொல்ல முடியுமா? 25-ஆம் தேதி, அவன் பையை அடுக்கும்போது: அறைவாசலில் போய் நின்றேன். "என்னப்பா, மயக்கமா இருக்கா?" என்று கேட்டான். "இல்லை, கால்சட்டையை மறந்துவிடாதே" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

கண்ணாடியைப் பற்றிக் கேட்டிருந்தாய். எடுத்துக்கொண்டு போகிறேன், ஆனால் கரையில் படிக்க ஒன்றுமில்லையே. டங்கன்தான் இப்போது டப்பாவை வைத்துக்கொள்கிறார். எனக்கு மடியில் எடை வேண்டாமாம். கம்பளி மட்டும் தவறாமல் வருகிறது.

யோசித்துப் பார்த்தேன். அவர்கள் இருவரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆறிப்போன ஒன்றைத் திறந்து காட்டுவது என் மனப்பாரத்தை அவன் தோளில் ஏற்றுவதாகாதா? அதனால் சொல்லாமலே திரும்பிவிடுவதுதான் நியாயம் என்று படுகிறது. செப்டம்பர் 15-ஆம் தேதிக்கு டிக்கெட். நீ கோபித்துக்கொள்வாய். கோபித்துக்கொள்ளும்போது மாத்திரை போட்டுவிட்டுக் கோபித்துக்கொள்.

தம்பி,
ஆரோக்கியசாமி

●

சேலம்
24 ஆகஸ்ட் 2024

தம்பிக்கு,

இன்னாசிமேரி எழுதுவது. முழங்கால், காது, எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. உடனே எழுதியிருக்க வேண்டும். எனக்கும் எழுதக் கை வரவில்லை. பயம் உனக்கு மட்டும் சொந்தமில்லை.

நியாயம் என்று எழுதியிருக்கிறாய். அது நியாயமில்லை, நாற்காலி. உட்கார வசதியாக இருக்கிறது.

இப்போது கேள். நீ அன்றைக்குக் கொண்டுவந்த நெய்யை என் கையில் திணித்து, 'எனக்குக் கொலஸ்ட்ரால், நீயே வைத்துக்கொள்' என்றாய். நான் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே மார்ட்டினும் சத்யபிரியாவும் என்னைப் பார்க்க ஆட்டையாம்பட்டி வீட்டுக்கு வந்தார்கள். அப்போது நான் அங்கேதானே இருந்தேன். புதுப்பெண்ணை வெறுங்கையோடு அனுப்ப மனசில்லை. வீட்டில் வேறு ஒன்றும் இல்லை. அந்த டப்பாவை அவள் கையில் கொடுத்தேன்.

அந்த நெய்க் கடையில் கண்ணெதிரே எடை போட்டு ஊற்றி, ஊர் பேர் போட்ட லேபிளில் அன்றைய தேதியை எழுதி ஒட்டிக் கொடுப்பார்கள். கொடுப்பதற்கு முன் லேபிளைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். நகத்தை வைத்துப் பாதி சுரண்டினேன். அப்புறம் நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நீ சொல்லமாட்டாய் என்று தெரிந்திருந்தது. யாராவது சொல்லட்டும் என்று விட்டிருப்பேன்.

உன் ஐந்தாவது பாயிண்டைப் படித்த அன்றே இதை எழுதியிருக்க வேண்டும். நீயாகச் சொன்னால் அது நீ சொன்னதாக இருக்கும், நான் முந்திக்கொள்ளக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ மாட்டுப் படம் போட்ட டப்பா என்று எழுதியபோது அந்த வரியை விரல் வைத்து இரண்டு தடவை படித்தேன்.

இனி உன் இஷ்டம்.

அக்கா,
இன்னாசிமேரி

●

அபர்டீன்
30 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். இரண்டு நாளாக மூக்கு ஒழுகுகிறது. அதன் காரணத்தைக் கீழே எழுதுகிறேன். உன்னிடமிருந்து மூன்று வாரத்துக்கு மேலாகக் கடிதம் இல்லை. என்மேல் கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

சொல்லிவிட்டேன்.

நேற்று, வியாழக்கிழமை. இன்று மார்ட்டின் கடலுக்குப் போக வேண்டியிருந்ததால் கடைசியாக ஒருநாள் ஆற்றுக்குப் போனோம். நான் என் நாற்காலியில். மத்தியானம் டங்கன் சாப்பிடப் போனார். மார்ட்டின் மட்டும் தொடை அளவுத் தண்ணீரில் நின்று வீசிக்கொண்டிருந்தான். திடீரென்று அவன் தூண்டில் வளைந்தது. வளைந்த விதத்திலேயே அது டிரவுட் இல்லை என்று எனக்கே தெரிந்தது. மீன் ஆற்றின் குறுக்கே ஓடியது, நின்றது, ஒரு தடவை முழு உடம்பும் வெளியே வந்து விழுந்தது. அப்படி இருபது நிமிடம். அவன் அதை மெல்ல மெல்ல அருகில் கொண்டுவந்துவிட்டான். வலை என் பக்கத்தில் கரையில் கிடந்தது. டங்கன் இல்லை.

"அப்பா, வலையத் தூக்கி இங்க வீசுங்க!"

வீசினேன். நான் வீசுகிற லட்சணம் உனக்குத் தெரியும், ஆறடி தள்ளி விழுந்தது. தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. கம்பளியோடு எழுந்து ஓடி எட்டிப் பிடித்தேன். கம்பளி ஆற்றோடு போய்விட்டது. வலையோடு கரையோரத்தில் நின்றேன். அவனுக்கும் எனக்கும் இடையே பத்து கஜம்.

"இறங்காதீங்கப்பா! மயக்கம் வந்துரும்!"

நான் மனப்பாடம் செய்த எந்த வாக்கியமும் வரவில்லை. வந்தது இதுதான்: "எனக்கு மயக்கமே வந்ததில்லடா! ஒருநாளும் வந்ததில்ல! அன்னைக்கு நான் ராசிபுரத்துல எறங்கிட்டேன். பயந்துக்கிட்டு எறங்கிட்டேன்!"

கத்திச் சொன்னேன் அக்கா. கத்திச் சொல்ல முடியுமா என்று உனக்கு எழுதியிருந்தேன். முடிகிறது.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். தூண்டில் வளைந்தபடியே இருந்தது.

"அப்ப வாங்கப்பா" என்றான்.

செருப்போடு இறங்கினேன். கல் வழுக்கியது. தண்ணீர் முழங்காலைத் தாண்டியதும் குளிர் எலும்பைப் பிடித்தது. அவன் இடது கையை நீட்டி என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான். "வலையத் தண்ணிக்குள்ள வைங்க. நீங்க போகாதீங்க, மீனு வரட்டும்." மீன் வலைக்குள் வந்தது. என் கை நீளம் இருக்கும். முதுகு இரும்பு நிறம், பக்கவாட்டில் வெள்ளி.

முள்ளைக் கழற்றிவிட்டு என்னையே பிடித்துக்கொள்ளச் சொன்னான். விடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. தலையை நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக வைத்து, அடிவயிற்றையும் வாலடியையும் தாங்கிக்கொண்டு, அதற்குத் தெம்பு வரும்வரை அசையாமல் நிற்க வேண்டும். தள்ளிவிடக் கூடாது. அதுவாகப் போக வேண்டும். கை மரத்துப்போயிற்று. கையை உருவிக்கொண்டு ஓடவும் முடியாது. அவன் என் பக்கத்தில் குனிந்து நின்றான்.

"அந்த ஆஸ்பத்திரி எல்லாம் பொய்டா" என்றேன், மீனைப் பார்த்துக்கொண்டே.

"தெரியும்ப்பா."

"எப்படித் தெரியும்?"

"மீனப் பாருங்கப்பா. கைய இறுக்காதீங்க."

கொஞ்சம் பொறுத்து என் கைக்குள் ஓர் உதறல். பிறகு கையில் தண்ணீர் மட்டும் இருந்தது.

டங்கன் திரும்பி வந்தபோது நாங்கள் இருவரும் ஆற்றின் நடுவில் நின்றிருந்தோம். மார்ட்டின் இன்னும் என் பெல்ட்டை விடவில்லை. "கம்பளி எங்கே?" என்று கேட்டார். கடலுக்குப் போய்விட்டது என்று சொன்னோம்.

இன்று விடியும்போதே அவன் கிளம்பிவிட்டான். வாசலில் என்னைக் கட்டிக்கொண்டான். எப்படித் தெரியும் என்று மறுபடி கேட்க எனக்குத் தைரியமில்லை. ஒரு நாளைக்கு ஒரு தைரியம்தான் என் அளவு. 13-ஆம் தேதிதான் அவன் திரும்புவான். அதுவரை யோசித்துக்கொண்டிருப்பேன்.

மெழுகுவர்த்தியை ஏற்றிவிடு.

தம்பி,
ஆரோக்கியசாமி

●

அபர்டீன்
8 செப்டம்பர் 2024
மாதா பிறந்தநாள்

அன்புள்ள அக்காவுக்கு,

மாதா திருநாளுக்கு உன் கோயிலில் கூட்டம் இருந்திருக்கும். முழங்காலோடு நெரிசலில் நின்றாயா? எனக்குச் சளி போய்விட்டது. இந்தக் கடிதத்துக்கு முன்பே நான் வந்து சேர்ந்துவிடக்கூடும். இருந்தாலும் எழுத்தில் இருக்கவேண்டும் என்று எழுதுகிறேன்.

உன் 24-ஆம் தேதிக் கடிதமும் என் 30-ஆம் தேதிக் கடிதமும் ஆகாயத்தில் ஒன்றையொன்று கடந்திருக்கின்றன. உன்னுடையது வியாழக்கிழமை வந்தது. படித்து முடித்தேன். பிறகு கண்ணாடியை எடுத்துக்கொண்டு, மார்ட்டின் தூண்டில் சாமான்களை வைக்கும் பின்பக்க அறைக்குப் போனேன்.

அலமாரியில் அந்த டப்பா இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். நீ சுரண்டிய இடம் வெள்ளையாக இருக்கிறது. மீதியில் 'ராசிபுரம், பஸ் நிலையம் எதிரில்' என்று அச்செழுத்து. அதன் கீழே நீல மையில் 11-9-15. அந்தத் தேதிக்கு மேலேதான் டேப் ஒட்டியிருக்கிறது, அழியாமலிருக்க. ஆய்வகத்தில் மாதிரிப் புட்டி கைக்கு வந்தால் முதலில் லேபிளைப் படி என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அந்தப் புட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கிறேன்.

சத்யபிரியா பின்னாலேயே வந்து நின்றாள். நான் டப்பாவை வைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"உனக்கும் தெரியுமாம்மா?" என்றேன்.

"தெரியுமுங்க மாமா."

"பிறகு ஏன் ஒன்றும் கேட்கவில்லை?"

"அவருதான் வேண்டாம்னாருங்க. 'அப்பாவாச் சொல்லட்டும். நான் அப்பப்ப மயக்கத்தப் பத்திக் கேட்டுட்டே இருக்கறன், என்னைக்காவது சொல்லிருவாரு'ன்னாரு."

அப்படியானால் அவன் அதைக் கேட்டபோதெல்லாம் எனக்கு வழிவிட்டிருக்கிறான். அதையே நான், அவன் என் பொய்யை நம்புகிறான் என்பதற்கு ஆதாரம் என்று எழுதினேன்.

"உனக்கு என்மேல் கோபம் இல்லையா?"

கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள். அவள் யோசித்தது எனக்குப் பிடித்திருந்தது.

"இருந்துச்சுங்க மாமா. நெய்ய எடுத்துக் கீழ கொட்டறன்னு டப்பாவத் தொறந்துட்டனுங்க. அவருதான் கையப் புடிச்சுட்டாரு. அந்தத் தேதியத் தொட்டுக் காட்டி, 'இங்க பாரு பிரியா, எங்கப்பா ரோட்டத் தனியாத் தாண்டறதுக்கே பயப்படுவாரு. ராசிபுரம் வரைக்கும் வந்துட்டாரு'ன்னு சொல்லி அழுதாருங்க. அதுக்கப்புறம் நான் எங்கீங்க கோபப்படறது. நெய் தீந்தும் டப்பாவத் தூக்கிப் போட உடல. ஊர் ஊராக் கூடவே வருதுங்க."

பாதி வழியில் இறங்கிய நாள் என்று நான் ஒளித்து வைத்திருந்த தேதியை, அவன் டேப் ஒட்டிக் காப்பாற்றியிருக்கிறான். அவள், "உக்காருங்க மாமா" என்று அந்த மடக்கு நாற்காலியைத்தான் விரித்துப் போட்டாள். வேறு நாற்காலி அந்த அறையில் இல்லை.

13-ஆம் தேதி மார்ட்டின் வந்ததும் மறுநாள் சனிக்கிழமை ஒருதரம் ஆற்றுக்குப் போகிறோம். எனக்கென்று டங்கன் ஒரு பழைய ரப்பர் உடையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். என் உயரத்துக்குக் கொஞ்சம் பெரியது. சத்யபிரியா தோள்பட்டியை மடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

உன்மேல் எனக்கு வருத்தமில்லை. நீ சுரண்டுவதை நிறுத்தியது நல்லது.

மே 15-ஆம் தேதிக் கடிதத்தை நீ எறிந்திருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதை எடு. ஆய்வகத்தில் தவறான முடிவை அழிப்பதில்லை. படிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் திருத்தியவர் கையெழுத்துப் போடுவோம். ஐந்தாவது பாயிண்ட் தவறு. அ, ஆ, இ மூன்று ஆதாரங்களும் தவறு. நீ கோட்டை மட்டும் கிழித்து வை. நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

உன் தம்பி,
ஆரோக்கியசாமி